எடுத்துக்காட்டு வாக்கியம்

ஒரு மூடியைத் தூக்கி, உள்ளே பார்த்துவிட்டு, மறுபடியும் வைக்கிற சத்தம். முதலில் சின்ன உரசல், பிறகு ஆவி வெளியேறுகிற இடைவெளி, அந்த இடைவெளியில் மூக்கு ஒரு தடவை உறிஞ்சும், அதற்கப்புறம் ‘டங்’. அடுத்த பாத்திரம். உரசல், இடைவெளி, ‘டங்’. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களையில் கேட்ட சத்தம். இந்தக் கண் ஆஸ்பத்திரியின் நீள நடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது ஏன் கேட்கிறது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பது பொய். நர்ஸ் பெண் கேட்டுவிட்டுப் போன கேள்விதான் காரணம். “கூட ஆள் யாரும்மா?” நாளைக்கு வலது கண்ணில் புரை எடுக்கிறார்கள். கூட ஒருவர் வரவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும், வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வாரமாவது வேளாவேளைக்கு மருந்து விடவேண்டும். ஆள் பெயர் எழுதாமல் உள்ளே எடுக்கமாட்டார்கள். “மூணு தடவை சொட்டு விடணும்மா, கண்ணு பாப்பா நல்லா விரியணும். அதுக்குள்ள ஒரு பேரை யோசிச்சு வைங்க” என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் கணவர் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. எனக்கென்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு பெயர், என்னைவிடப் பத்து வயது மூத்த பெயர். ஆவுடையம்மாள். அவருடைய அக்கா. எனக்கு மதினி. தென்காசியில் மகன் வீட்டில் இருக்கிறார். மூடியைத் தூக்கியது அவர்தான்.

முதல் சொட்டு எரிந்தது. எரிச்சல் கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கி, மூக்கிலிருந்து தொண்டைக்குக் கசப்பாக வந்து சேர்ந்தது. கண்ணுக்கு விட்ட மருந்து நாக்கில் கசக்கும் என்று எழுபத்துநாலு வயது வரை எனக்குத் தெரியாது. உள்ளே எல்லாமே ஒரே வழியாகத்தான் ஓடுகிறது போல. மூடிய இமைக்குள் ஒரு செம்மை, அதில் மிதக்கிற கறுப்புப் புள்ளி, அது நான் பார்க்கப் பார்க்க நழுவி ஓரத்துக்குப் போகிறது. படிக்க முடியாது. கைப்பையில் புத்தகம் இருக்கிறது, அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் முடியும். வலது கன்னத்தில் ஏதோ பட்டது. பருத்திச் சேலையின் முந்தானை. புகையிலை வாடை. “வழியுதுக்கா, துடைக்காம இருக்கியளே” என்றது பக்கத்து நாற்காலி. நான் கேட்கவில்லை. துடைக்கச் சொல்லவும் இல்லை. “எந்தக் கண்ணு?” வலது. “எனக்கு இடது. நான் முக்கூடல், பேரு சொர்ணத்தாய், பீடி சுத்துதவ. இலை வெட்டி வெட்டிக் கண்ணு போச்சு. நீங்க என்ன சுத்தினிய?” சிரிப்பு வந்துவிட்டது. சொற்களைச் சுற்றினேன் என்று சொல்லலாம். அகராதி ஆபீஸில் வேலை பார்த்தேன் என்றேன். “அப்படின்னா?” சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிற வேலை. “அதான் எல்லாருக்கும் தெரியுமே, அதை எதுக்கு எழுதணும்?” முப்பது வருஷ வேலையைப் பற்றி இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். “ஒத்தையிலயா வந்திய? புருஷன் இல்லையா? பிள்ளைய எங்க?” என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். முந்திரிக்கொட்டை. சொல் தானாக வந்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே, நான் எழுதிய கறுப்பு மையில், அந்த வாக்கியமும்.

தேவையில்லாமல் பிறர் காரியத்தில் தலையிடுபவர். கேட்கும் முன்பே முந்திக்கொண்டு பேசுபவர். அடைப்புக்குறிக்குள் ‘இகழ்ச்சி’. பொருள் இவ்வளவுதான், அதில் தப்பு ஒன்றும் கிடையாது. மற்ற பழமெல்லாம் விதையை உள்ளே மறைத்து வைக்கும். இது மட்டும் வெளியே தொங்கவிடும். மதினிக்கும் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவருக்கு வீடு. காலை ஏழு மணிக்கு நடைக்கதவைத் திறந்துகொண்டே பேசத் தொடங்குவார், ஆள் உள்ளே வருவதற்குள் பாதி செய்தி வந்துவிடும். “ஏட்டி செண்பகம், வாசல்ல தண்ணி தெளிச்சியா காட்டிட்டு வந்தியா?” நேராக அடுக்களை. உரசல், இடைவெளி, ‘டங்’. “புளி கூடிப்போச்சு.” உரசல், இடைவெளி. “இது என்னது, அவியலா? அவியலுக்கு எவளாவது தக்காளி போடுவாளா? எங்க அம்மை பாத்தா கிணத்துல விழுந்துருவா.” என் மாமியார் உயிரோடு, பத்தடி தள்ளி, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் இருப்பார். கொடியில் சேலை காய்வது கிழக்கு மேற்காகவா தெற்கு வடக்காகவா என்பதில் அவருக்குக் கருத்து உண்டு. என் தலைவாரலில் உண்டு. தம்பி சட்டைக்குக் கஞ்சி போடுவதில் உண்டு. அப்புறம் அந்தக் காலண்டர். மாதம் பிறந்தால் காலண்டர் பக்கம் அவர் கண் போகும், பிறகு என் முகத்துக்கு வரும். எந்தக் கோயில், எந்த மரம், எந்த வைத்தியர் என்று எல்லாம் அவரே விசாரித்துக்கொண்டு வருவார். இதையெல்லாம் நினைக்கிறேன், உடனே இன்னொன்றும் கூடவே வந்து முட்டுகிறது. கல்லூரியின் பின்கட்டில் அகராதி வேலை தொடங்குகிறார்கள், தமிழ் படித்த பெண்களை எடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்ததும் இதே வாய்தான். மாமியார் முடியாது என்றார். என் கணவர் எப்போதும்போல் பேசாமல் இருந்தார். மதினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார், “இவளை அடுக்களையில போட்டு என்னம்மா செய்யப் போறே? இவளுக்குச் சாம்பாருக்கு உப்புப் போடத் தெரியல. எழுத்துக்குப் போடத் தெரியுதாம்லா, போகட்டும்.” நான் மறுநாள் வேலைக்குப் போனேன். அந்த மேஜை, அந்தச் சீட்டுகள், அந்த மை எல்லாம் மதினி மூக்கை நுழைத்து வாங்கிக்கொடுத்தவை. அந்த மேஜையில் உட்கார்ந்துதான் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

இரண்டாவது சொட்டு. “மேல பாருங்கம்மா.” மேலே வெள்ளையாக ஒரு குழல் விளக்கு, ஓரங்கள் நுரைத்துப்போய். மூடிக்கொண்டேன். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. மேலே சொல், கீழே பொருள், அதற்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம். ஆசிரியர் கண்டிப்பானவர். “வாக்கியத்தை நீங்கள் செய்யாதீர்கள், காதில் விழுந்ததை எழுதுங்கள். வீட்டில், பஸ்ஸில், கடையில் எங்கே கேட்டாலும் சரி. ஆள் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள், உறவுப்பெயர் போடுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது” என்பார். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அந்த அறையில் ஐந்து பேர், எல்லோரும் எம்.ஏ. ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை, உறவுப்பெயரைவிடத் துல்லியமான பெயர் ஒரு குடும்பத்துக்குள் கிடையாது என்று. எனக்கு மதினி என்றால் உலகத்தில் ஒருத்தர்தானே. அன்று காலை பால்காரி நிற்கும்போது மதினி காலண்டரைப் பார்த்தார். “இந்த மாசமும் போச்சா?” பால்காரி என்னைப் பார்த்தாள், பிறகு பாலைப் பார்த்தாள். எனக்கு முப்பத்தாறு வயது. ஆபீஸுக்கு நடந்து போகும்போது காது இரண்டும் சுட்டுக்கொண்டிருந்தன. மேஜையில் ‘மு’ வரிசைச் சீட்டுக்கட்டு காத்திருந்தது. முத்தம், முதுகு, முந்தானை, முந்திரிக்கொட்டை. பேனா நிற்கவில்லை. ‘மதினி ஒரு முந்திரிக்கொட்டை, யார் வீட்டு அடுப்பானாலும் மூடியைத் தூக்கிப் பார்க்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.’ அவளுக்கு. வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவரை நான் அவள் என்று சொன்னதில்லை. ஆசிரியர் பச்சை மையில் ஒரு கோடு போட்டு ஓரத்தில் எழுதினார், ‘உயிருள்ள வாக்கியம்.’ அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கக் கூடாது. ஐந்து வருஷம் கழித்து அகராதி அச்சாகி வந்தபோது அந்தச் சீட்டு என் ஞாபகத்திலேயே இல்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒன்று. என் கணவர்தான் ஒரு பிரதியைப் பழுப்புத் தாளில் சுற்றி, “எங்க அக்காவுக்குக் கொடுத்துட்டு வாரேன், அவ வாங்கித் தந்த வேலைதானே” என்று கிளம்பினார். சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வந்ததும் சொன்னார், “அக்கா கையைக் கழுவிட்டு வந்து மடியில வச்சுப் படிச்சா, அரை மணி நேரம். அப்புறம் காப்பி போட்டுத் தந்தா. ரொம்ப நல்லாருக்குன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னா.”

அதற்கப்புறம் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்று, “செண்பகம் இருக்கியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நான் வரட்டுமா?” என்றார். முதல் சில வாரம் எனக்கு எவ்வளவு நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. அப்புறம் என்னமோ போல் இருந்தது. ‘மு’ பக்கத்தை எப்போது எடுத்துப் பார்த்தேன், எது பார்க்கத் தூண்டியது என்பதெல்லாம் மறந்துபோயிற்று, பார்த்ததும் புத்தகத்தை மூடிக் கவிழ்த்து வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு மூடியைச் சரித்து வைத்துப் பார்த்திருக்கிறேன், மணம் கூடத்துக்குப் போகட்டும் என்று. வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டுச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். அந்த ‘நல்லாருக்கு’ இப்போதும் கேட்கிறது. சுத்தமான, மடித்து வைத்த சொல். எங்கள் அகராதியில் போடலாம்.

“என்னக்கா, மருந்து இவ்வளவா வழியும்? எனக்கு இப்படி வழியலையே” என்கிறாள் சொர்ணத்தாய். மறுபடியும் முந்தானை. கால். என் கணவருடைய கால். இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன், பக்கத்தில் வந்ததும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம், பந்தியில் உட்காரச் செருப்பைக் கழற்றினார். மதினி எதிரே நின்றிருந்தார். கணவர் காலில் செருப்பு வார் பதிந்த தடம், அது சதையில் அமுங்கி, போகாமல் அப்படியே இருந்திருக்கிறது. நான் தினமும் கூட இருந்தவள், பார்க்கவில்லை. மதினி பார்த்தார். மூடி கண்டால் தூக்குகிற கண் அதைப் பார்க்காமல் இருக்குமா. வாயைத் திறக்கவில்லை. ஏழு மாதம் கழித்துச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார், டாக்டர்கள் எல்லோரும் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவர் போன பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நான் பாத்தேன் செண்பகம். கால் வீங்கியிருந்ததை அன்னைக்கே பாத்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. உன் வீட்டுக் காரியம், நமக்கு எதுக்குன்னு முழுங்கிட்டேன். என் தம்பியை நானே முழுங்கிட்டேன்.” குற்றம் சாட்டிப் பேசவில்லை. சாட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் தன்னைத்தான் வைதுகொண்டிருந்தார். பிறகு, கையில் ஒரு பந்தல் ஓலைத் துண்டைக் கிழித்துக்கொண்டே, “எங்க அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டா நான்தான் முந்தி ஓடுவேன். ‘வந்துட்டா பாரு என் முந்திரிக்கொட்டை’ன்னு தூக்குவாரு. அந்த வார்த்தைக்குப் பெரிய புஸ்தகத்துல என்ன போட்டிருக்கீயன்னு பாக்கலாம்னுதான் எடுத்தேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். “விடுங்க மதினி” என்றேன். இரண்டு சொல். விட்டுவிட்டார். அடுத்த மாதம் மகனோடு தென்காசிக்குப் போனார். அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் பார்த்தால் ஒரு சிரிப்பு, பொங்கலுக்கு அவர் மகன் போன் செய்வான், “அம்மா கேட்டாங்க அத்தை” என்பான். கேட்டாங்களா, அவனாகச் சொல்கிறானா. இப்போது இந்த வயதில், ஒரு கண்ணுக்கு மருந்து விட ஆள் வேண்டும் என்று எந்த முகத்தோடு கூப்பிடுவேன். கூப்பிட்டால் வரமாட்டார் என்ற பயம் இல்லை. “அதுக்கென்ன, உன் இஷ்டம்” என்று அந்த மடித்து வைத்த குரலில் சொல்லிவிட்டால்? வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மணி பார்த்து மருந்து விட்டுவிட்டு, ஒரு வாரம் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டுப் போனால்? அதற்குக் கண் இப்படியே இருக்கட்டும்.

மூன்றாவது சொட்டு. இப்போது எரியவில்லை. “பேரு என்னம்மா?” என்கிறாள் நர்ஸ். இன்னும் அஞ்சு நிமிஷம் என்கிறேன். செருப்புச் சத்தம் போகிறது. “அக்கா, நான் கேக்கேன்னு தப்பா நினைக்காதிய” என்று தொடங்குகிறாள் சொர்ணத்தாய், இப்படித் தொடங்குகிறவர்களை நாம் தப்பாகத்தான் நினைக்க வேண்டியிருக்கும். “உங்களுக்குன்னு ஒருத்தருமே இல்லையா?” மதினி ஒருவர் உண்டு, புருஷனுக்கு அக்கா. “கூப்பிட்டியளா?” இல்லை. “சண்டையா?” சண்டை இல்லை. பேசி ரொம்ப நாளாயிற்று. “சண்டை போடாமலே பேசாம இருக்கியளா? அது சண்டையை விட மோசம்லா!” அவள் சொன்ன வேகத்தில் எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். “நம்பர் சொல்லுங்க, நான் போட்டுத் தாரேன். எனக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும்.” வேண்டாம் என்றேன். கைப்பையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே என் பையின் ஜிப்பைத் திறக்கிறாள், ‘டர்ர்’ என்று சத்தம், ஐயோ, என்ன பெண் இவள், நான் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன், கட்டைவிரல் நுனி காய்த்துக் கிடக்கிறது, மரப்பட்டை மாதிரி. பிடித்த கையை விடவும் முடியவில்லை. என் வாய் எண்ணைச் சொல்லத் தொடங்கிவிட்டது. ஒரு தடவைகூடப் போடாத எண், ஒரு வெண்பாவைப்போல் எனக்கு மனப்பாடம், மூன்று மூன்றாகப் பிரித்து, கடைசியில் ஒற்றையாக ஓர் ஏழு. அவள் தன் போனில் ஒவ்வொன்றாக அழுத்துகிறாள். “அலோ! நான் முக்கூடல் சொர்ணத்தாய் பேசுதேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. இங்க கண்ணாஸ்பத்திரியில உங்க தம்பி பெண்டாட்டி ஒத்தையில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காக. கேட்டா மருந்துங்காக. எனக்கும் அதே மருந்துதான் விட்டிருக்கு.” போன் என் காதில். சூடாக இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு குக்கர் சத்தம், ஒரு குழந்தை, அப்புறம் மூச்சு.

“மதினி” என்றேன். மூச்சு. இருட்டுக்குள் என் குரலைக் கேட்டால் என் அம்மாவின் குரல்போல இருந்தது. “நான்தான் மதினி. அந்தப் புத்தகத்துல அந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன்.” “வேற எவ எழுதுவா?” என்றார். குரல் நைந்துபோயிருந்தது, ஆனால் அவருடையதுதான். “அவர் கால் வீக்கத்தை நீங்க சொல்லாமப் போனதுக்கு நான்தான் காரணம். நீங்க இல்லை. அன்னைக்கே சொல்லியிருக்கணும். விடுங்கன்னு சொல்லிட்டேன்.” இப்போது குக்கரும் நின்றுவிட்டது. குழந்தையும். நடையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது, சொர்ணத்தாய் என் தோளோடு தோளாகச் சாய்ந்து கேட்கிறாள், கேட்கட்டும். ஒன்று, இரண்டு, மூன்று. ‘அதுக்கென்ன’ என்று சொல்லிவிடுவார். சொல்லப்போகிறார். “மருந்து விட்டிருக்காளா?” என்றார் மதினி. ஆமாம். “அப்ப எதுக்கு அழுதே? மருந்தெல்லாம் வெளிய வந்துரும். கண்ணைக் கசக்காதே. நீ கசக்குவே, எனக்குத் தெரியும்.” என் கை கண்ணுக்குப் பாதி தூரம் போயிருந்தது. “எந்தக் கண்ணு முதல்ல? வலதா? யாரைக் கேட்டு வலதை முதல்ல செய்யுதே? சர்க்கரை பாத்தாளா? காலைல என்ன சாப்பிட்டே? ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே.” நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி. “அந்த முக்கூடல்காரிகிட்ட போனைக் குடு” என்றார். கொடுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றி, நான் அங்கே இல்லாததுபோல, வெகுநேரம் பேசினார்கள். “ஆமா, மெலிஞ்சுதான் இருக்காக” என்று இவள் சொல்வது கேட்டது.

நர்ஸ் வந்தாள். பெயர் ஆவுடையம்மாள், நாத்தனார் என்று சொன்னேன். எழுதினாள். “வயசு?” எண்பத்துநாலு. பேனா நின்றது. “அவங்களுக்கு யாரும்மா துணை வர்றது?” நான் வாயைத் திறக்குமுன் சொர்ணத்தாய் சொன்னாள், “நான் குரலைக் கேட்டேன்லா, அது அறுபதுதான். எழுது தாயி.” எழுதிக்கொண்டாள்.

மதினி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தனியாக வந்தார். என் வீட்டில் இருபத்தொரு நாள் இருந்தார். அடுத்த மாசி மாதம் தென்காசியில் மகன் வீட்டில் இறந்துபோனார்.